ஹப்புக்கு பேட்டரி: மணிக்கணக்கா, கண் சிமிட்டும் நேரமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கடலூர் முதுநகரில் அம்மா தனியாக இருக்கிறார், நீங்கள் சென்னையில் வேலை. வீட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில், வீட்டு சென்சார்களைக் கவனிக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது, அதுதான் ஹப். சென்சார்களோடு வயர் இல்லாமல் பேச ஒரு ஜிக்பீ டாங்கிள், வாசல் கதவிலும் கொல்லைக் கதவிலும் சென்சார், மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒன்று, அம்மா அறையில் அசைவு சென்சார். 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டரும் இருக்கிறது. இருந்தும் கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் ஹப் ரீஸ்டார்ட் ஆகிறது, ஒரே வருடத்தில் 2 மெமரி கார்டு காலி. 3,000 ரூபாய்க்குள் என்ன பேட்டரி போடலாம், பவர் பேங்க் போதுமா, 7 ஏஎச் பேட்டரி வாங்கட்டுமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கேட்டிருப்பது பேட்டரி. ஆனால் வீட்டில் பேட்டரி ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் யானை மாதிரி. ஹப்பும் ரூட்டரும் சேர்ந்து தின்னும் 14, 15 வாட்டுக்கு அது நாள் முழுக்கத் தாங்கும். நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையிலேயே பாதி விடை இருக்கிறது: ஹப் 'ரீஸ்டார்ட்' ஆகிறது என்கிறீர்கள், அணைந்தே கிடக்கிறது என்று சொல்லவில்லை. அப்படியானால் அந்த பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறது. கரண்ட் போவதற்கும் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்கும் நடுவில் கண் சிமிட்டுகிற நேரம் ஒன்று இருக்கிறதே, அதில்தான் உங்கள் ஹப் விழுகிறது. அந்த இடைவெளிக்கு ஒரு சின்னப் பாலம் போட்டால் போதும், புது பேட்டரி வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன், எப்படி என்று சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் 20 வருடத்துக்கு மேல் யூ.பி.எஸ்., இன்வெர்ட்டர் சர்வீஸ் பார்க்கிறவன். ஹோம் அசிஸ்டன்ட் என் வீட்டிலும் 4 வருடமாக ஓடுகிறது, ஆனால் மென்பொருள் பக்கம் நான் பயனாளிதான், நிபுணன் இல்லை. கரண்ட் பக்கம் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். மென்பொருள் பக்கம் சொல்வதை இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண வீட்டு இன்வெர்ட்டருக்குள் ஒரு ரிலே, அதாவது தானாகத் தட்டிக்கொள்ளும் சுவிட்ச், இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை லைனை அப்படியே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கரண்ட் போனதும், போய்விட்டது என்று உணர்ந்து, ரிலே தட்டி, பேட்டரியிலிருந்து 230 வோல்ட் உண்டாக்கித் தர வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் பின்பக்கத்திலோ முன்பக்கத்திலோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யூ.பி.எஸ். என்றும் மறு பக்கம் நார்மல் அல்லது ஈகோ என்றும் போட்டிருக்கும். நார்மலில் இருந்தால் மாறும் நேரம் 40 மில்லி செகண்டு வரை, சிலவற்றில் அதற்கு மேலும் போகும். யூ.பி.எஸ். பக்கம் தள்ளினால் 10, 15 மில்லி செகண்டுக்கு இறங்கிவிடும். மாடலுக்கு மாடல் இது மாறும், பின்பக்க ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ அச்சிட்டிருப்பார்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு அலைக்கு 20 மில்லி செகண்டு. நார்மல் மோடில் இரண்டு அலை முழுசாகக் காணாமல் போகிறது. ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியவே தெரியாது. பை மாதிரி கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

நான் போன வீடுகளில் அந்த சுவிட்ச் பெரும்பாலும் நார்மலில்தான் இருக்கும். மாட்டிவிட்டுப் போனவர் அப்படியே விட்டிருப்பார், வீட்டுக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக அதைத் தேடுங்கள். யூ.பி.எஸ். பக்கம் தள்ளிவிட்டு மெயினை 5 தடவை இறக்கி ஏற்றிப் பாருங்கள். ஹப் தாங்கினால் உங்கள் செலவு பூஜ்யம், இதற்குக் கீழே படிக்கவே வேண்டாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. யூ.பி.எஸ். மோடில் இன்வெர்ட்டர் வோல்டேஜ் விஷயத்தில் கறாராக இருக்கும். பொதுவாக 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கரண்ட் போய்விட்டதாகவே எடுத்துக்கொண்டு பேட்டரிக்குத் தாவிவிடும். நார்மல் மோடில் 100, 110 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும். உங்கள் தெருவில் ராத்திரி எல்லா வீட்டிலும் ஏ.சி. போடும் நேரத்தில் லோ வோல்டேஜ் வருமென்றால், கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் தட்டித் தட்டி பேட்டரியைக் காலி செய்யும். அப்படி இருந்தால் நார்மலுக்கே திரும்பிவிடுங்கள், அடுத்த வழிக்குப் போவோம்.

அடுத்தது அடாப்டர். எந்த அடாப்டருக்குள்ளும் 230 வோல்ட் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், கரண்ட் போனதும் கொஞ்ச நேரத்துக்கு அதில் தேங்கியிருப்பதை வைத்து அடாப்டர் ஓட்டும். நல்ல அடாப்டர் முழு லோடில் 10, 20 மில்லி செகண்டு தாக்குப்பிடிக்கும். லோடு பாதியானால் அந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரே இன்வெர்ட்டர், ஒரே பிளக் பாயிண்ட். செல்போனுக்கு வந்த பழைய சார்ஜரில் பையை ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் விழுந்தது. பைக்கென்றே விற்கிற 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டரை மாட்டியதும் 10 தடவையில் 8 தடவை நின்றது. 10-க்கு 8 என்பது போதாது, விழுகிற அந்த 2 தடவையில் ஒரு கார்டு போய்விடலாம். ஆனாலும் அடாப்டரை மாற்றுவது எவ்வளவு வித்தியாசம் காட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் எந்த அடாப்டர் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி எப்போதாவது வந்திருந்தால், 4.63 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கிறது என்று அர்த்தம். அது அடாப்டர் குற்றமாகவும் இருக்கலாம், முடி மாதிரி மெல்லிய யூ.எஸ்.பி. கேபிளின் குற்றமாகவும் இருக்கலாம். கால் ஓம் ரெசிஸ்டன்ஸ் உள்ள கேபிளில் 1.2 ஆம்பியர் போனாலே 0.3 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும்.

இப்போது அந்தப் பாலத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த வேலை இது, கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் சிலர் பைக்குப் போகும் 5 வோல்ட் லைனில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் போதும் என்கிறார்கள். போதாது, கணக்கே இடிக்கும். 4,700 மைக்ரோஃபாரட் போட்டு, 1 ஆம்பியர் இழுத்து, 0.4 வோல்ட் இறங்க அனுமதித்தால் கிடைப்பது 2 மில்லி செகண்டுகூட இல்லை. பை 5 வோல்ட்டில் கொஞ்சம்தான் பொறுக்கும் என்பதால், கெப்பாசிட்டரில் இருக்கும் கொஞ்ச நஞ்சத்தையும் முழுசாக எடுக்க முடியாது.

அதே கெப்பாசிட்டரை 12 வோல்ட் பக்கத்தில் போடுங்கள், கதை மாறும். ஒரு 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், அதன் பாசிட்டிவில் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டயோடு, டயோடுக்கு அப்புறம் 4,700 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் மூன்று பக்கம் பக்கமாக (பேரலலாக), அதிலிருந்து வோல்டேஜைக் குறைக்கும் ஒரு ஸ்டெப் டவுன் மாட்யூல் வழியாக 5.1 வோல்ட், அங்கிருந்து பை. கரண்ட் போனால் கெப்பாசிட்டர் 11.5 வோல்ட்டிலிருந்து 8 வோல்ட் வரை இறங்கலாம். அதுவரை மாட்யூல் 5.1-ஐ அசையாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். டாங்கிளோடு பை தின்பது 6 வாட், மாட்யூலில் வீணாவதையும் சேர்த்தால் 7 வாட். மூன்று கெப்பாசிட்டரிலும் சேர்த்து எடுக்கக்கூடிய ஆற்றல் கிட்டத்தட்ட 0.48 ஜூல். 7 வாட்டால் வகுத்தால் 70 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் கீழே. கெப்பாசிட்டரில் எழுதியிருக்கிற மதிப்பைவிட 20 சதவீதம் குறைவாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 55-ஐ ஒட்டி வரும். அதன்மேல் அடாப்டரின் சொந்தத் தாக்குப்பிடிப்பு வேறு இருக்கிறது. 40 மில்லி செகண்டு இன்வெர்ட்டருக்கு இது தாராளம். கரண்ட் திரும்பி வரும்போதும் ரிலே ஒரு தடவை தட்டும், அந்த இடைவெளியையும் இதுவே தாண்டிவிடும்.

டயோடு எதற்கென்றால், அது இல்லாவிட்டால் கெப்பாசிட்டர் பின்னால் திரும்பி அடாப்டரின் எல்.இ.டி.க்கும் உள்ளே இருக்கும் ரெசிஸ்டருக்கும் தண்டத்துக்கு வடியும். எஸ்.ஆர். 560 போதும். ஸ்டெப் டவுனுக்கு எல்.எம். 2596 மாட்யூலை எல்லாக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள், 3 ஆம்பியர் என்று சொல்வார்கள், ஒன்றரைக்கு மேல் போனால் விரல் வைக்க முடியாத சூடு வரும். 5 ஆம்பியர் என்று விற்கிற எக்ஸ்.எல். 4015 எடுங்கள், 2 ஆம்பியருக்கு நிம்மதியாக ஓடும். பையை மாட்டுவதற்கு முன்னால், வெறும் மாட்யூலில் மல்டிமீட்டரை வைத்து அந்தச் சின்ன நீல டிரிம்மரைத் திருப்பி 5.1-இல் நிறுத்துங்கள். கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்டேஜில் வேண்டுமானாலும் இருக்கும். ஒரு தடவை அவசரத்தில் பார்க்காமல் மாட்டி, 11 வோல்ட் போய், என்னுடைய பை ஒன்று நிமிடத்தில் மோட்சம் அடைந்தது. 5.1 வந்தபிறகு டிரிம்மர் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள், நகராது. கெப்பாசிட்டர் காலியாக இருக்கும்போது முதல் தடவை ஆன் செய்தால் சில அடாப்டர்கள் ஷார்ட் என்று நினைத்துத் திக்கும். டயோடுக்கு முன்னால் 1 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேறு அடாப்டர்தான். பழைய அடாப்டர் கையில் இருந்தால் இந்த முழு வேலையும் 500 ரூபாயைத் தாண்டாது. கெப்பாசிட்டரின் மைனஸ் பட்டையைப் பார்த்து மாட்டுங்கள், மாற்றி மாட்டினால் வெடிக்கும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரூட்டருக்கும் இதே வித்தை ஓரளவுதான் பலிக்கும். ரூட்டர் நேராக 12 வோல்ட் கேட்கும், 9-க்குக் கீழே போனால் பெரும்பாலும் படுத்துவிடும், ஆகவே கெப்பாசிட்டரில் எடுக்கக் கிடைப்பது குறைவு. ஆனால் ரூட்டர் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆனால் 2, 3 நிமிடம் இன்டர்நெட் இருக்காது, அவ்வளவுதான். அதில் கார்டு எதுவும் போகாது. ஹப்பைக் காப்பாற்றினால் போதும் என்பதே என் கட்சி.

இன்வெர்ட்டர் இல்லாத வாடகை வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பார்கள். உங்களுக்கும் நாளைக்கு இன்வெர்ட்டர் பேட்டரி உயிரை விடலாம். ஆகவே மணிக்கணக்கில் ஓட வேண்டும் என்றால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் ஒரு நாள் காலை 9 மணிக்குப் பராமரிப்பு என்று கரண்டை எடுத்தால் மதியம் 2 மணிக்கோ சாயந்திரமோதான் வருகிறது. அதைத் தாண்டுவதை அளவாக வைத்துக்கொள்வோம்.

பவர் பேங்க் பற்றி: 10,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதாவது 37 வாட் அவர், 37 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு. 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் போய், பைக்குக் கிடைப்பது 30 சொச்சம். 5 மணி நேரம் ஓடும், மோசமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிறைய பவர் பேங்குகள் சார்ஜ் ஏறும்போது வெளியே கொடுக்காது. கொடுக்கிறவற்றிலும் பல, சார்ஜரைப் பிடுங்கும்போதோ திரும்பச் செருகும்போதோ ஒரு கணம் அவுட்புட்டை வெட்டிவிட்டுத் தொடங்கும். கரண்ட் போகும்போது தாங்கிய ஹப், கரண்ட் வரும்போது விழும். இதை வாங்குவதற்கு முன் கடையில் சோதிக்க முடியாது, பெட்டியிலும் எழுதியிருக்காது. அதோடு, வருடம் முழுக்க நூறு சதவீதத்தில், நம் ஊர் வெயிலில், டி.வி. அலமாரிக்குப் பின்னால் கிடந்தால் பவர் பேங்க் இட்லி மாதிரி உப்பும். வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்பதால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரூட்டருக்கென்று விற்கிற மினி யூ.பி.எஸ். நல்ல யோசனைதான், ஆனால் தரம் ஒரே மாதிரி இல்லை. நான் வாங்கிய ஒன்றில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தது. கரண்ட் போனதும் மீட்டரில் பார்த்தால் 12.3-இல் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் 10.5, அப்புறம் 9.4. உள்ளே செல்லைத் தவிர எதுவும் இல்லை, செல்லின் வோல்டேஜை அப்படியே வெளியே தள்ளுகிறது. திறந்து பார்த்ததில் மூன்று செல், ஒரு சின்ன போர்டு. விற்றவர் பெயர் இங்கே தேவையில்லை. 7, 8 மாதத்தில் அதுவும் 20 நிமிடத்துக்கு வந்து நின்றது. எல்லா மினி யூ.பி.எஸ்.ஸும் இப்படி என்று சொல்லவில்லை. வாங்கினால் முதல் நாளே லோடில் வைத்து மீட்டரில் பாருங்கள், அவ்வளவுதான்.

7 ஏஎச் சீல்டு லெட் ஆசிட் பேட்டரி: எங்கும் கிடைக்கும், ஆயிரம் ரூபாயை ஒட்டி விலை, 13.6 வோல்ட்டில் வருடக்கணக்காகத் தொங்கவிடலாம், தீப்பிடிக்கும் பயம் குறைவு. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு, என் பிழைப்பே பல வருடம் அதில்தான் ஓடியது. ஆனால் வெயில் அதற்கு எமன். 25 டிகிரிக்கென்று கணக்குப் போட்டுச் செய்த பேட்டரி, அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. பரணில் வைத்த பேட்டரி அக்னி நட்சத்திரத்தில் என்ன பாடுபடும் என்று நீங்களே யோசியுங்கள். புதுச்சேரியில் 2 வருடம், கூடிப்போனால் 3 என்பது என் அனுபவம். அதோடு, பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெடும் என்பதால் 84 வாட் அவரில் 42-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஹப்பும் ரூட்டரும் சேர்ந்து 14 வாட் என்றால் 3 மணி நேரம், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட், கடையில் 'எல்.எஃப்.பி.' என்பார்கள், இன்றைய தேதியில் என் தேர்வு. 12.8 வோல்ட் 6 ஏஎச் பேக், உள்ளே செல்களைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். போர்டோடு, நான் கடைசியாக வாங்கியபோது 2,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 77 வாட் அவர், இழப்பு போக 65. ஹப்புக்கும் ரூட்டருக்கும் சேர்த்து 4 மணி நேரத்துக்கு மேல், ஹப் மட்டும் என்றால் 10 மணி நேரம். முழுக்க இறக்கி ஏற்றினாலும் 2,000 தடவை வரை தாங்கும் ரகம். வெயிலை லெட் ஆசிடைவிடப் பொறுத்துக்கொள்ளும்.

இதை மாட்டும் விதம்: வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர், அதன் பின்னால் கரண்ட் அளவையும் வோல்டேஜையும் தனித்தனியே திருப்பக்கூடிய இரண்டு டிரிம்மர் எக்ஸ்.எல். 4015 மாட்யூல், அப்புறம் ஷாட்கி டயோடு, அப்புறம் பேக். டயோடுக்கு அந்தப் பக்கம், பேக் முனையில் 13.6 வோல்ட் வருமாறு வையுங்கள். பேக்கின் மேல் 14.6 என்று எழுதியிருக்கும், அது சார்ஜ் ஏற்றி எடுத்துவிடுகிறவர்களுக்கு. வருடம் முழுக்கத் தொங்கவிட 13.6 போதும், கொஞ்சம்தான் குறைவாக ஏறும், ஆயுள் கூடும். கரண்ட் எல்லையை 2.5 ஆம்பியரில் வையுங்கள். அதில் ஒரு 1.2 ஹப்புக்கும் ரூட்டருக்கும் போனால் மீதி பேட்டரிக்கு. பேக்கிலிருந்து இன்னொரு ஸ்டெப் டவுன் வழியாக 5.1 வோல்ட் பைக்கு. இந்த அமைப்பில் தட்டுவதற்கு ரிலேயே கிடையாது, பை எப்போதும் பேட்டரியிலிருந்துதான் குடிக்கிறது, கரண்ட் போனது அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு எச்சரிக்கை: இந்த மாட்யூல்களில் கரண்டை அளக்கும் ரெசிஸ்டர் மைனஸ் லைனில் இருக்கும். ஆகவே உள்ளே வரும் மைனஸையும் வெளியே போகும் மைனஸையும் வெளியில் எங்கும் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள், கரண்ட் எல்லை வேலை செய்யாது. பேக்கின் பாசிட்டிவை ஒட்டியே ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். பி.எம்.எஸ். இருக்கிறதே என்று விட வேண்டாம், பி.எம்.எஸ். கரண்டை வெட்டுவது மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்சால், மாஸ்ஃபெட் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும்.

ரூட்டரை நேராக இந்த 13.6-இல் மாட்டலாமா என்று கேட்பீர்கள். நான் திறந்து பார்த்த ரூட்டர்களில் எல்லாம் உள்ளே 16 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்குகிற கெப்பாசிட்டர்தான் இருந்தது, மாட்டியவையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் உங்கள் ரூட்டருக்கு அதை வைத்து கியாரண்டி கொடுக்க முடியாது, முக்கியமாக அது இன்டர்நெட் கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டி என்றால். 1என் 5408 டயோடு இரண்டை வரிசையாகப் போட்டால் 1.4 வோல்ட் குறைந்து 12.2 ஆகிவிடும், நிம்மதி.

பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த 18650 என்ற உருளை லித்தியம் செல்களை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சுற்றினால் ஆசை வரும், எனக்கும் வந்திருக்கிறது. ஒன்று பாதி செத்தது, ஒன்று முக்கால் செத்தது, இரண்டையும் சேர்த்துக் கட்டினால் எது எப்போது சூடாகும் என்று தெரியாது. புதிது என்று விற்பதிலும் 9,900 எம்.ஏ.எச். என்று அச்சிட்ட 18650 செல்லைப் பார்த்தால் அப்படியே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனி செல்லே பொதுவாக 3,500, 3,600-ஐ ஒட்டித்தான் இருக்கும். தராசில் வைத்தால் நல்ல செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும். டுபாக்கூர் தக்கை மாதிரி இருக்கும்.

முதுநகர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: உப்புக் காற்று. துறைமுகத்துப் பக்கம் வெறும் செம்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றி வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். பச்சை பூத்த இணைப்பில் வோல்டேஜ் இறங்கும், பை விழும், பழி பேட்டரி மேல் போகும். எல்லா இணைப்பையும் சால்டர் செய்யுங்கள், முனைகளில் மெல்லிசாக வாசலின் தடவுங்கள், பெட்டியைக் கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள்.

ஹப் உயிரோடு இருந்தாலே வீடு உயிரோடு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கதவு சென்சார்கள் பட்டன் செல்லில் ஓடும், சரி. ஆனால் மாடித் தொட்டி சென்சார் ஹப்போடு நேராகப் பேசுகிறதா, அல்லது நடுவில் ஒரு ஜிக்பீ பல்பையோ பிளக்கையோ பிடித்துக்கொண்டு பேசுகிறதா? நடுவில் இருப்பது இன்வெர்ட்டரில் இல்லாத பாயிண்ட்டில் இருந்தால், கரண்ட் போனதும் தொட்டி ஊமையாகிவிடும். ஒரு ஜிக்பீ பிளக்கை இன்வெர்ட்டர் லைனில், மாடிப்படி பக்கமாக மாட்டிவையுங்கள். அப்புறம் இன்டர்நெட். உங்கள் வீட்டு ரூட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும், தெருவில் கேபிள்காரர் பெட்டிக்குக் கரண்ட் இல்லை என்றால் சென்னையில் உங்களுக்கு எதுவும் வராது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டாலே, கரண்ட் போனால் நெட் எத்தனை நேரம் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறிய அப்புறம், கடலூர் பக்கம் பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் வந்தபோது தண்ணீர் ஏறிய தெருக்களில் பாதுகாப்புக்காக லைனையே எடுத்துவிட்டார்கள். அந்த மாதிரி நாட்களுக்கு 3,000 ரூபாயில் வழி கிடையாது, தேடவும் வேண்டாம். அப்போது ஹப்பை முறையாக அணைத்துவிட்டு, பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வைப்பதுதான் வேலை.

முறையாக அணைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கரண்ட் போய் இத்தனை நிமிடம் ஆனால் தானாகவே ஷட்டவுன் ஆகட்டும் என்று பலர் எழுதி வைக்கிறார்கள். ஷட்டவுன் ஆன பைக்கு பேட்டரியிலிருந்து 5 வோல்ட் போய்க்கொண்டே இருந்தால், கரண்ட் திரும்பி வந்தாலும் அது எழாது. கரண்டை ஒரு தடவை வெட்டிக் கொடுத்தால்தான் எழும். நீங்கள் சென்னையில், ஹப் கடலூரில் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் 5 வோல்ட் லைனில் ஒரு சாதாரண சுவிட்சைப் போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அம்மாவுக்கு போனில் 'சிவப்பு சுவிட்சை அணைச்சு, பத்து எண்ணி, போடும்மா' என்று சொன்னால் முடிந்தது.

3,000-இல் மீதமிருக்கும் பணத்தை, மெமரி கார்டைத் தூக்கிவிட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதில் போடுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் சென்சார் சொல்வதையெல்லாம் சில நொடிக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டே இருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் வெட்டினால்தான் கார்டு பாழாகிறது. ரெக்கார்டர் அமைப்பில் எழுதும் இடைவெளியை 30 நொடிக்குக் கூட்டிவைக்கலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எஸ்.எஸ்.டி. போட்டால் ஒன்றிரண்டு வாட் கூடும், அப்போது கெப்பாசிட்டரை மூன்றுக்குப் பதில் நான்காகப் போடுங்கள்.

ஊருக்குப் போகும்போது ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். இன்வெர்ட்டர் பின்பக்க ஸ்டிக்கரையும், பை அடாப்டரில் அச்சிட்டிருப்பதையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். கெப்பாசிட்டர் தேவையா, இல்லை அந்தச் சின்ன சுவிட்சைத் தள்ளினாலே போதுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.